அபயாம்பாள் அழகு நிலையம்

பியூட்டி பார்லர் நடத்துறவளுக்குக் கை சுத்தம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காது. புருவத்துல நூல் ஓடறப்ப பொம்பளைங்க கண்ணை மூடிக்கிறாங்க, வாயை மூடறதே இல்ல. குத்தாலம் கடைத்தெருவுல, ஒரு மருந்துக்கடை மாடியில, அப்படிக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தவ நான்.

உங்கள்ல யாருக்காவது மங்களாம்பாள், அகிலாண்டம், பெரியநாயகி, சிவகாமசுந்தரின்னு பேரிருந்தா கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருங்க. இது நமக்குள்ள பேச்சு. என் பேரு அபயாம்பாள். மாயவரத்து அம்மன் பேரு. எங்க பக்கம் தெருவுக்கு நாலு அபயாம்பாள் உண்டு. இருந்தும் பள்ளிக்கூடத்துல டீச்சர் அந்தப் பேரைக் கூப்பிட்டா பெஞ்சே சிரிக்கும். அந்தப் பேரை ஒரு தகர போர்டுல எழுதி மாட்டி, அது கீழ இறங்காம காப்பாத்த நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன்.

பிங்கியா, ரோஸியா?

கேபிள் டிவி வந்து, உலக அழகி நம்ம நாட்டுப் பொண்ணுன்னு பேப்பர்ல போட்டு, சோப்பு ஷாம்பெல்லாம் பொட்டிக்கடையில சரம் சரமா தொங்க ஆரம்பிச்ச சமயம். எங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல ஏ.சி. மெக்கானிக்கா இருந்தாரு. நான் மாயவரத்துல ஒரு அம்மாகிட்ட தொழில் கத்துக்கிட்டு வந்து கடை போட்டேன். போர்டு எழுத ஆர்ட்டிஸ்ட் சேகரைக் கூப்பிட்டேன். எங்க ஊர்ல கட்சிச் சுவர்லேர்ந்து லாரி முதுகு வரைக்கும் அவன் கையெழுத்துதான். நல்ல நீளமான தகரம். மஞ்சள் அடிச்சு, மொட்டை மாடியில காய வச்சுட்டு, "பேரு என்னக்கா? பிங்கியா, ரோஸியா?"ன்னான்.

அபயாம்பாள் அழகு நிலையம்னேன். எடுத்த பிரஷ்ஷைத் திரும்ப டப்பாவுக்குள்ள போட்டுட்டான். நான் விடல. முதல் வரியில பேரு, சிவப்புல, எவ்வளவு பெரிசா முடியுமோ அவ்வளவு பெரிசா. அடியில சின்னதா அழகு நிலையம். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே எழுதினான். ஆனா சும்மா சொல்லக் கூடாது, எழுத்து ஒண்ணொண்ணும் கோயில் தூண் மாதிரி நின்னுச்சு. போர்டை மாட்டிட்டு ஏணியை விட்டு இறங்கி, தள்ளி நின்னு பாத்துட்டு, பாவமா ஒரு வார்த்தை சொன்னான்.

"அக்கா, தொழில் ஓடலைன்னா கவலைப்படாதீங்க. இந்தப் பேருக்கு அப்பளம் நல்லா போகும்."

தெய்வமான மருமகள்

எனக்கு ஏன் இவ்வளவு வீம்புன்னு சொல்லிடறேன். என் மாமியார் பேரும் அபயாம்பாள்தான். எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மாமியார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாது, பெத்தவ பேரைச் சொல்லி மகன் பொண்டாட்டியைக் கூப்பிட முடியாது. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னா, வந்தவ பேரைத்தான் மாத்துவாங்க. கல்யாணப் பந்தியில நான் பாயசம் குடிச்சுக்கிட்டிருந்தேன். மாமனார் வந்து நின்னு, "இனிமே உன் பேரு வசந்தா"ன்னு சொல்லிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டாரு. அடுத்த இலையில இருந்தவர்கிட்ட மோர் வேணுமான்னு கேட்டாரு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல.

அன்னிலேர்ந்து நான் வசந்தா. மஸ்கட்லேர்ந்து போன் வந்தாலும் வசந்தா, பால்காரருக்கும் வசந்தா. மாமியார் காலமான பிறகாவது என் பேரு எனக்குத் திரும்ப வரும்னு பாத்தேன். வரல. பொறந்த வீட்டோட ஒருத்தி செத்துப்போன மாதிரி இருந்துச்சு எனக்கு. அந்த வயித்தெரிச்சல்லதான் அந்த போர்டு வச்சேன். நான் இன்னும் இருக்கேன்னு ஊருக்குத் தெரியட்டும்னு.

திறப்பு விழாவுக்கு வீட்டுக்காரரோட சொந்தம் அத்தனையும் வந்துச்சு. போர்டைப் பாத்தாங்க, ஆளாளுக்குக் கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் விளங்குச்சு, என் பேரும் அதுதான்னு ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. மஸ்கட்லேர்ந்து வீட்டுக்காரர் போன்ல விசும்பறாரு. நாத்தனார் மாமியாரோட பெரிய போட்டோவை சந்தன மாலையோட கொண்டுவந்து, முகம் பாக்குற கண்ணாடிக்கு நேர் மேல மாட்டிட்டா. அதுலேர்ந்து என் கடையில ஃபேஷியல் பண்ணிக்கிற ஒவ்வொருத்தியும் என் மாமியார் முறைக்க முறைக்கத்தான் பண்ணிக்கிட்டா. நாத்தனார் போறப்ப என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா.

"மாமியார் பேர்ல கடை வைக்கிறதுக்கு எல்லாம் ஒரு மனசு வேணும் அண்ணி. நீங்க தெய்வம்."

கூட்டமே இல்ல

தெருவுக்கு நாலு அபயாம்பாள்னா தெருவுக்கு நாலு மருமகளும் உண்டுல்ல? அவளுங்க யாரும் என் கடைப் பேரைச் சொல்ல மாட்டாளுங்க. மாடி பார்லர்ங்கறா ஒருத்தி, மருந்துக்கடைக்கு மேலங்கறா ஒருத்தி. காசு செலவு பண்ணி போர்டு வச்சு, பாதி ஊரு வாய்ல வராத பேரை வச்சிருக்கிற ஒரே வியாபாரி நானாத்தான் இருப்பேன்.

தேரழுந்தூர்லேர்ந்து கலான்னு ஒருத்தி வருவா. அவ மாமியாரும் அபயாம்பாள். ஒருநாள் காலையில வர்றேன்னவ மத்தியானம் வரைக்கும் வரல. வந்தப்ப பாத்தா நெத்தி பூரா குங்குமம், தலையில பூச்சரம், கையில தேங்காய் மூடி. என்னடி இதுன்னேன். கொழுந்தன் வண்டியில ஏறி உக்காந்து, "அந்த அம்மன் பேர்ல இருக்கே, அங்க விடு"ன்னிருக்கா. அவன் நேரா மாயவரம் கோயில் வாசல்ல கொண்டுபோய் இறக்கிட்டு, பக்திதான்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டான். பேரைச் சொல்லித் திருத்த இவளுக்கு வாய் வரல. வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகாம திரும்பறது தப்புன்னு அர்ச்சனையும் பண்ணிட்டு, பஸ் புடிச்சு வந்திருக்கா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவ நிதானமா நாற்காலியில சாஞ்சுக்கிட்டா.

"பரவால்லக்கா. கூட்டமே இல்ல, நல்ல தரிசனம். நீங்க புருவத்தைப் பாருங்க."

தலைவர் வயலுக்குப் போயிருக்காரு

எங்க பேருக்காரங்கள்ல பெரிய பதவிக்கு வந்தது ஒரு அபயாம்பாள்தான். பக்கத்துக் கிராமத்து ஊராட்சி மன்றத் தலைவி. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கின தொகுதி. சுதந்திர தினத்துக்குக் கொடியேத்தணும், போட்டோ பிடிப்பாங்கன்னு அவங்களை வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்தாரு. கூட்டிட்டு வந்தவரு வெளியில போனாரா? ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. முடியை எப்படிப் போடட்டும்னு நான் அந்தம்மாவைக் கேட்டா அவரு பதில் சொல்றாரு. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டாக்கூட "வேணாங்குது"ன்னாரு. அப்புறம் குறுவைக்குத் தண்ணி பாய்ச்சணும்னு எழுந்து போனாரு. எனக்கு மூச்சு வந்துச்சு.

முகத்துக்கு ஃபேஸ் பேக் அப்பிட்டு நகர்ந்தேன். அந்தம்மா செல்போன் அடிச்சுச்சு. ஒன்றிய ஆபீஸ்லேர்ந்து தலைவர்கிட்ட பேசணும்னாங்க. கண்ணை மூடினபடியே, "தலைவர் வயலுக்குப் போயிருக்காருங்க, வந்ததும் சொல்றேன்"னு வச்சுட்டாங்க. நான் மெதுவா, "அபயாம்பாக்கா, நீங்கதானே தலைவர்?"னேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாங்க.

"அட, ஆமால்ல. சரி விடுங்க, மூஞ்சி காஞ்சுக்கிட்டிருக்கு. வேணும்னா அவங்களே திரும்பப் பண்ணுவாங்க."

ஞானமணி டீச்சர் சொன்ன ஆறுதல்

மேலத்தெரு ராஜேஸ்வரி பொண்ணும் அபயாம்பாள்தான். மெட்ராஸ்ல கால் சென்டர் வேலை கிடைச்சுப் போனா. போன ஒரு மாசத்துல ராஜேஸ்வரி கண்ணு வீங்கி வந்து உக்காந்தா. பொண்ணுக்கு அங்க ஏஞ்சலான்னு பேரு வச்சுட்டாங்களாம். அமெரிக்காக்காரன்கிட்ட பேசறப்ப அப்படித்தான் சொல்லணுமாம். "சொல்லாம கொள்ளாம கிறிஸ்தவ வேதத்துல சேத்துட்டாங்களோ"ன்னு ஒரே அழுகை. நான் எவ்வளவோ சொன்னேன், எடுபடல.

அந்த நேரம் பாத்து பக்கத்து நாற்காலியில தலைக்கு மருதாணி போட்டுக்கிட்டு இருந்தாங்க ஞானமணி டீச்சர். லுத்தரன் பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, நாலு தலைமுறையா கிறிஸ்தவங்க. மருதாணி நெத்தியில வழிய வழியத் திரும்பி, ராஜேஸ்வரியை மூக்குக் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க.

"ஏம்மா அழற? எங்க சபையில ஞானமணி இருக்கு, ஞானசுந்தரி இருக்கு, தேவகிருபை இருக்கு. ஏஞ்சலான்னு ஒரு ஆளுகூடக் கிடையாது. உன் பொண்ணு எங்ககிட்ட வரல, தைரியமா இரு."

வில்லியோட புருவம்

இப்படிப் போய்க்கிட்டிருந்தப்ப டிவியில ஒரு சீரியல் வந்துச்சு. அதுல மாமியார்க்காரி மூணு மருமகளுக்கும் மாத்தி மாத்தி பால்ல எதையாவது கலக்குவா. அவளுக்கு வச்ச பேரு அபயாம்பாள். ஊர்ல இருக்கிற நல்ல அபயாம்பாளுங்க யாரும் கதை எழுதினவர் கண்ணுல படல போல. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பொடிசுங்க என் போர்டுக்குக் கீழ நின்னு, அவ சிரிக்கிற மாதிரி சிரிச்சுட்டு ஓடும். ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா, நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேர்ல மேக்கப் வேணாம்னு வேற கடைக்குப் போயிட்டா. எனக்குச் சோறு இறங்கல. போர்டைக் கழட்டிடலாமான்னு நானே அன்னிக்குத்தான் முதல் தடவையா நினைச்சேன்.

அதுக்கு மறுவாரம் ஒரு காலேஜ் பொண்ணு படியேறி வந்தா. எனக்கு அபயாம்பாள் புருவம் வேணும்னா. நான் என் புருவத்தைத் தடவிப் பாத்துக்கிட்டேன். என்னோடது இல்லையாம், சீரியல்ல வர்றவளோடது. நடுவுல ஒசந்து வில்லு மாதிரி நிக்குமே, அது. போட்டுவிட்டேன். அடுத்த நாள் அவ தோழிங்க நாலு பேரு வந்தாளுங்க. வயசுப் பொண்ணுங்க எல்லாரும் மாமியாரு மாதிரி முறைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாளுங்க. பாலைக் கலக்கறவ மேல உங்களுக்குக் கோவம் இல்லையாடின்னு ஒருத்தியைக் கேட்டேன்.

"அவ மோசந்தான்க்கா. புருவம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அபீஸ்

சீரியல் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் நிஜமான சோதனை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஏ.சி., கண்ணாடிக் கதவு, ஸ்டைல் ஜோன்னு ஒரு பார்லர் திறந்தாங்க. என் கூட்டத்துல பாதி அங்க போயிடுச்சு. ஆர்ட்டிஸ்ட் சேகர் அதுக்குள்ள பிரஷ்ஷை வித்துட்டு ஃப்ளக்ஸ், தெர்மாகோல்னு மாறியிருந்தான். மடியில வைக்கிற கம்ப்யூட்டரோட வந்து, ரோஸ் கலர்ல ஒண்ணைக் காட்டினான். அபீஸ்னு இங்கிலீஷ்ல. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிறா. "உங்க பேருதான்க்கா, கொஞ்சம் ட்ரிம் பண்ணியிருக்கேன். தலைமுடிக்குப் பண்றீங்கல்ல?"ன்னான். எனக்கே கொஞ்சம் ஆசையாத்தான் இருந்துச்சு. சரி, அடிச்சுடுன்னு சொல்ல வாயெடுத்தேன்.

நாற்காலியில நீடூர் ஜுனைதா இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு துபாய்ல கடை. மாசம் தவறாம வர்றவங்க. எட்டி அந்த ரோஸ் படத்தைப் பாத்துட்டு, "அப்ப நான் இனிமே வர மாட்டேன்"னாங்க. ஏன்னேன். அவங்க சொன்னதைக் கேட்டு சேகர் கம்ப்யூட்டரை மூடிட்டான்.

"அபயாம்பாக்கா கடைக்குப் போயிட்டு வந்தேன்னா எங்க வீட்டுக்காரரு நல்லதுங்கறாரு. அபீஸுக்குப் போனேன்னா, அடுத்த ஃப்ளைட்ல வந்து இறங்கி, யாரு அந்த அபின்னு கேப்பாரு."

ஆர்த்தி வந்தா உக்கார வைங்க

இப்ப சொல்லப் போறது ஒரு கல்யாணம். இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன்.

பொண்ணு எங்க ஊருக்குப் பக்கத்துக் கிராமம். பேரு, நான் சொல்லவே வேணாம், அபயாம்பாள். சிங்கப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். மாப்பிள்ளை செந்தில் திருவாரூர்க்காரன், அவனுக்கும் அங்கதான் வேலை. பொருத்தமான இடம். ஒரே ஒரு இடி, செந்திலோட அம்மா மாயவரத்துல பொறந்தவங்க. அவங்க பேரும் அபயாம்பாள். ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் போன்லயே பேசி, பொண்ணு பேரை ஆர்த்தின்னு மாத்திட்டாங்க. பொண்ணுகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டாங்க. அவ ஊருக்கு வந்து இறங்கினதே கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி.

குத்தாலத்துல மண்டபம். சாயங்காலம் ரிசப்ஷன். நான் பொண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மை போட்டு முடிச்சிருக்கேன், ஜன்னல் வழியா வாசல்ல இருந்த தெர்மாகோல் எழுத்து அவ கண்ணுல பட்டுச்சு. செந்தில்குமார், ஆர்த்தி. சேகர் கைவேலைதான், ஜிகினா எல்லாம் தூவி வச்சிருந்தான். அவ சத்தம் போடல. என் கையைப் புடிச்சு நிறுத்தினா.

"அக்கா, இந்தப் பேரு மேல எனக்கொண்ணும் ஆசை கிடையாது. ஸ்கூல்ல எல்லாம் சிரிச்சிருக்காங்க. ஆனா இந்தப் பேர்லதான் படிச்சேன், இந்தப் பேர்லதான் வேலைக்குப் போனேன், இந்தப் பேர்லதான் எங்கப்பாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தேன். நாளைக்குத் தாலி மட்டும் எவளோ ஆர்த்தி வாங்கிக்கிட்டுப் போறதா?"ன்னா. போர்டை மாத்தற வரைக்கும் மேடைக்கு வர மாட்டேன்னு உக்காந்துட்டா.

அவ அப்பா வந்து கெஞ்சினாரு. அம்மா வந்து அழுதாங்க. கடைசியில மாப்பிள்ளையோட அம்மாவே வந்தாங்க. ஒல்லியா, உயரமா, வைர மூக்குத்தி போட்ட அம்மா. அவங்களுக்குப் பின்னாடி கதவோரமா செந்தில். என்னம்மா பிரச்சினைன்னாங்க. அந்தப் பொண்ணு மரியாதையா எழுந்து நின்னு, "ஒண்ணுமில்லைங்க அத்தை. வாசல்ல ஆர்த்தின்னு போட்டிருக்கு. அந்தப் பொண்ணு வந்தா மேடையில உக்கார வைங்க. மேக்கப்புக்கு வேணா நான் கூட இருந்து உதவி பண்றேன்"னா.

வழக்கம்னு ஒண்ணு இருக்கேம்மான்னாங்க அந்தம்மா. செந்தில் கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "ஆமாம்மா, அபயாம்பா காபி கொண்டான்னு நான் சொன்னா ரெண்டு பேரும்ல வந்து நிப்பீங்க"ன்னான். அந்தம்மா அவனைத் திரும்பிப் பாத்தாங்க. சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வெளியில போயிட்டாங்க.

"என்னைய எப்படா நம்ம வீட்டுல பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க, இப்ப குழப்பம் வர்றதுக்கு?"

இவ்வளவு நீளமா?

என் கல்யாணத்தன்னிக்கு அந்தப் பாயசத்தைக் கீழ வச்சுட்டு இந்த மாதிரி ஒரு வார்த்தை பேசியிருக்கணும் நான். சேகரைக் கூப்பிட்டேன். ஆறு எழுத்து வெட்டணும், தெர்மாகோல் தீந்து போச்சுன்னு கையை விரிச்சான். "தெர்மாகோல் எதுக்குடா? ஏற்கெனவே எழுதின போர்டு ஒண்ணு இருக்குல்ல"ன்னு கடை மாடிச் சாவியைக் கையில கொடுத்தேன். அவன் என்னைப் பாத்தான், சாவியைப் பாத்தான், வண்டியை எடுத்துக்கிட்டுப் போனான்.

மண்டப வாசல்ல என் மஞ்சள் தகரம் ஏறிச்சு. அழகு நிலையத்தை மறைக்க தென்னங்குருத்துத் தோரணத்தைக் கீழ்வரி பூரா கட்டினான். மேல செந்தில்குமார் ஜிகினாவுல கைக்குட்டை அளவுக்கு இருக்கு, அதுக்கடியில அபயாம்பாள் தூண் தூணா நிக்குது. வந்த ஜனம் உள்ள போகாம அண்ணாந்து பாக்குது. மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தர், எவன்யா இந்தத் தகரத்தை மாட்டினதுன்னு குதிச்சாரு. யாரோ ஓடிப்போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. நானும் பின்னாலயே போனேன், வாங்கிக் கட்டிக்கலாம்னு.

அந்தம்மா போர்டுக்கு நேரா வந்து நின்னாங்க. விரலைக் காத்துல நகத்தி ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. கடைசி எழுத்து வரைக்கும் போயிட்டு, திரும்ப முதல்லேர்ந்து வந்தாங்க. "இவ்வளவு நீளமா என் பேரு?"ன்னாங்க. கழட்டச் சொல்லவா மதினின்னாரு சித்தப்பா. "தொட்டா கையை ஒடிச்சுடுவேன்"னு அவர்கிட்ட சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "எங்கப்பா கூப்பிட்டது. அதுக்கப்புறம் மருமவளே, மதினி, செந்தில் அம்மா, இந்தா. எங்கப்பாவோட போச்சு"ன்னாங்க. கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, பேரு முழுசா தெரியணும்னு சொல்லி போட்டோக்காரரைக் கூப்பிட்டு அதுக்கடியில போய் நின்னுக்கிட்டாங்க.

போச்சுடா, மறுபடியும் போர்டு மாமியாருக்கே போயிடுச்சுன்னு நினைச்சேன். அதே கதை. அப்பத்தான் பொண்ணு வெளியில வந்தா, ஒரு கண்ணுக்கு மட்டும் மை, கனத்த பட்டுப்புடவையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு. நேரா போய் மாமியார் பக்கத்துல நின்னா. "அத்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது என் பேரும்தான்"னா. அந்தம்மா அவளை மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்புறம் ஒரு அடி தள்ளி நின்னாங்க. கூட்டத்துலேர்ந்து சேகர், "போர்டே அந்தக்கா போர்டுதாங்க, அவங்களும் அபயாம்பாள்தான்"னு என்னைக் கையைக் காட்டினான். போட்டோவுக்கு எனக்கும் இடம் கிடைச்சுச்சு. பிளாஷ் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தம்மா சொந்தக்காரங்களைப் பாத்து சத்தமா ஒண்ணு சொன்னாங்க.

"ஆர்த்தியும் வேணாம் கீர்த்தியும் வேணாம். நான் இவளை நர்ஸம்மான்னு கூப்பிட்டுக்கறேன். அவன் எப்படிக் கூப்பிடணும்ங்கறது அவன் பாடு."

மூணாவது

செந்தில் இன்னிக்கு வரைக்கும் அவளை ஹலோன்னுதான் கூப்பிடறானாம். குடும்பம் நல்லாத்தான் நடக்குது. போர்டு மறுநாளே என் மாடிக்குத் திரும்பி வந்துடுச்சு. போட்டோவும் வந்துச்சு; பிளாஷ் அடிச்ச நேரம் தோரணம் சரிஞ்சிருக்கு போல, எங்க மூணு பேருக்கும் மேல அபயாம்பாள் அழகு நிலையம்னு முழுசா தெரியுது. ஸ்டைல் ஜோனுக்குப் போன கூட்டத்துல ஒரு பங்கு, அந்தப் படம் ஊரெல்லாம் சுத்தினதாலயே திரும்புச்சு. என் மாமியார் போட்டோவுக்குப் பக்கத்துலயே அதை மாட்டிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் மஸ்கட் வேலையை முடிச்சுக்கிட்டு வந்தவரு ஒருநாள் கடைக்கு வந்தாரு. படத்தையே ரொம்ப நேரம் பாத்தாரு. யாரு இவங்கல்லாம்னு கேட்டாரு. மூணு பேரும் அபயாம்பாள்னேன். முதல்ல அந்தம்மாவைக் காட்டினாரு, அப்புறம் அந்தப் பொண்ணைக் காட்டினாரு. ரெண்டு விரலை மடக்கி வச்சுக்கிட்டு, நெஜமாவே தெரியாம கேட்டாரு.

"சரி வசந்தா, மூணாவது யாரு?"

அதுலேர்ந்து, கண்ணாடிக்கு மேல இருக்கிற மாலை போட்ட போட்டோவைக் காட்டி, "உங்க மாமியார் பேர்லயாக்கா கடை வச்சிருக்கீங்க?"ன்னு யார் கேட்டாலும், நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே, "இல்லைங்க, என் பேரைத்தான் அவங்களுக்கு வச்சிருந்தாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த புருவத்துக்குப் போயிடறேன்.